மேடையிலே போட்டி, பெட்டியிலே லாபம்!

ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தம்பட்டம் முழங்குகிறது. ஆண்டின் தொடக்கத்தில் தென்கொரியாவின் சாம்சங் கம்பெனி தன் புதிய காலக்ஸி போனைக் கொண்டு வருகிறது. செப்டம்பரில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி தன் புதிய ஐபோனைக் கொண்டு வருகிறது. உடனே பெரும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக ஒப்பீட்டுப் பட்டியல்கள்! இதில் காமிரா எத்தனை, அதில் எத்தனை? இதன் திரை எவ்வளவு பளபளப்பு, அதன் திரை எவ்வளவு? கடைசியில், “புதுமையில் வென்றது யார்?” என்று ஒரு தீர்ப்பு. மறுநாள் அதே பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் இன்னொரு தீர்ப்பு: பங்கு விலை ஏறியதா, இறங்கியதா?

இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றே என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். கம்பெனிகள் போட்டி போடுகின்றன. போட்டியால் புதுமை பிறக்கிறது. புதுமையால் போன் வாங்குகிறவனுக்கு நன்மை, பங்கு வாங்குகிறவனுக்கும் நன்மை. ஆக எல்லோருக்கும் சுபம்! இதுதான் அவர்களுடைய வேதம்.

இந்த வேதத்தைச் சற்று உரைகல்லில் உரசிப் பார்ப்போம். வேறு யாருடைய சாட்சியமும் வேண்டாம். அந்தக் கம்பெனிகளின் செய்கையும், அவை தங்கள் பங்குதாரர்களுக்குச் சொன்ன சொல்லுமே போதும்.

மடக்குப் போன் வைத்திருந்த கோடீஸ்வரர்

அமெரிக்காவின் பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட். அவருடைய பெர்க்‌ஷயர் ஹாதவே கம்பெனி 2016-ல் ஆப்பிள் பங்குகளை வாங்கத் தொடங்கியது. 2019-ம் ஆண்டு முடிவில் அதன் கையிலிருந்த ஆப்பிள் பங்குகளின் மதிப்பு 7,000 கோடி டாலருக்கும் அதிகம். ஆப்பிளின் மிகப் பெரிய பங்குதாரர்களில் ஒருவராக அவர் இருந்தார்.

அப்போது அவருடைய சட்டைப் பையில் இருந்த போன் எது? ஐபோன் அல்ல. சாம்சங் செய்த பழைய மடக்குப் போன்! 2020 பிப்ரவரியில்தான், அந்த மடக்குப் போனுக்கு விடை கொடுத்து ஐபோனுக்கு மாறியதாக அவரே தொலைக்காட்சியில் அறிவித்தார்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். நாம் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் தெளிவாகத்தான் இருந்தார். பங்குதாரனுக்கு வேண்டியது போன் அல்ல. போன் வாங்குகிறவன் திரும்பத் திரும்ப வந்து பணம் கொடுப்பான் என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தை வாங்குவதற்கு அந்தப் போனைக் கையால் தொட வேண்டிய அவசியங்கூட இல்லை. பயன்படுத்துகிறவனின் புதுமை வேறு. முதலீட்டாளனின் புதுமை வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எங்கே கிடைக்கும்?

பகையாளியா, பங்காளியா?

முதலில் இந்தப் போட்டியின் லட்சணத்தைப் பார்ப்போம்.

2024 ஜனவரியில் சாம்சங் காலக்ஸி எஸ்24 இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் 256 ஜிபி வடிவத்தின் விலை 79,999 ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் ஐபோன் 16 வந்தது. அதன் ஆரம்ப விலை 79,900 ரூபாய். உலகத்தையே இரண்டாகப் பிளக்கும் போட்டி என்கிறார்கள். விலையில் வித்தியாசம் 99 ரூபாய்! மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளி, சோறு தண்ணீர் இல்லாமல் ஐந்து மாதத்திற்கு மேல் உழைத்தால்தான் இவற்றில் ஏதாவது ஒன்றை வாங்க முடியும்.

இரண்டையும் பிரித்து உள்ளே பார்த்தால் வேடிக்கை இன்னும் அதிகம். 2017-ல் ஆயிரம் டாலர் விலையில் வந்த ஐபோன் எக்ஸ், ஆப்பிளின் பெரும் புதுமை என்று கொண்டாடப்பட்டதே, அதன் ஒளிரும் திரையைச் செய்து கொடுத்தது யார்? சாம்சங்! அதாவது ஐபோன் விற்றாலும் சாம்சங்குக்கு லாபம். காலக்ஸி விற்றாலும் சாம்சங்குக்கு லாபம்.

இந்த இருவரும் 2011 முதல் 2018 வரை அமெரிக்கக் கோர்ட்டுகளில் வழக்காடினார்கள். போனின் மூலைகள் வளைவாக இருப்பது யாருடைய கண்டுபிடிப்பு என்பதுகூட அந்த வழக்கில் ஒரு பிரச்னை! 2012-ல் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மேல் முறையீடு, மறு விசாரணை என்று இழுத்து, 2018 ஜூனில் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். கோர்ட்டில் எதிர்க்கட்சி, தொழிற்சாலை வாசலில் சரக்குக் கொடுக்கல் வாங்கல்!

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். உலகிலுள்ள போன்களில் பெரும்பாலானவை கூகிள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு முறையில் ஓடுகின்றன. மிச்சமுள்ளவை ஆப்பிளின் சொந்த முறையில். ஆக, ஆப்பிளுக்கு நேர் எதிரி கூகிள். ஆனால் ஐபோனில் தேடுதல் வசதியாகத் தன்னையே வைத்திருப்பதற்காக, 2022 என்ற ஒரே ஆண்டில் கூகிள் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர்! அமெரிக்க சர்க்கார் கூகிள் மீது தொடுத்த ஏகபோக வழக்கின் ஆவணங்களில் இது வெளியாயிற்று. அந்த வழக்கில்தான், தேடுதல் துறையில் கூகிள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார்.

எதிரிக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டுகிற போரை உலகம் எங்கே கண்டிருக்கிறது? இது போர் அல்ல, பாகப் பிரிவினை.

கேலி செய்தார்கள், பிறகு காப்பியடித்தார்கள்

“இல்லை, இல்லை! ஒருவரை ஒருவர் முந்தத்தான் பார்க்கிறார்கள்” என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக மூன்று சம்பவங்களைக் கூறுகிறோம்.

முதல் சம்பவம் பேட்டரி. ஐபோனின் பேட்டரியைக் கழற்ற முடியாது. அன்றைய காலக்ஸியின் முதுகு மூடியைத் திறந்து பேட்டரியை நாமே மாற்ற முடிந்தது. 2014-ல் சாம்சங் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. விமான நிலையத்தில் ஐபோன்காரர்கள் மின்சாரத் துளையைத் தேடிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறார்கள். காலக்ஸிக்காரர் கையோடு வைத்திருந்த பேட்டரியை மாற்றிக்கொண்டு ஒய்யாரமாக நடக்கிறார். நல்ல கேலி! ஆனால் அடுத்த ஆண்டே, 2015-ல் வந்த காலக்ஸி எஸ்6 போனில் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டது அதே சாம்சங்.

இரண்டாவது சம்பவம் ஹெட்போன் துளை. 2016 செப்டம்பரில் ஐபோன் 7 போனில் ஆப்பிள் அந்தத் துளையை அடைத்தது. இது “தைரியம்” என்று மேடையில் பெருமை பேசினார்கள். அதே மேடையில் 159 டாலர் விலையில் கம்பியில்லாக் காதணியையும் அறிவித்தார்கள்! சாம்சங் சும்மா இருக்குமா? துளை இல்லாத ஐபோனைக் கிண்டல் செய்து விளம்பரம் மேல் விளம்பரமாகப் போட்டது. 2019 ஆகஸ்டில் வந்த நோட் 10 போனில் அதே துளையை அதே சாம்சங்கும் அடைத்தது.

மூன்றாவது சம்பவம் சார்ஜர். 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ‘எங்கள் காலக்ஸியோடு சார்ஜரும் உண்டு’ என்று சாம்சங் சமூக வலைத்தளத்தில் நையாண்டி செய்தது. மூன்றே மாதம்! 2021 ஜனவரியில் வந்த காலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜரைக் காணோம்.

மூன்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பயன்படுத்துகிறவனிடமிருந்து ஏதோ ஒன்று பறிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட ஒவ்வொன்றையும் அவன் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. போட்டி இருந்ததே, அது ஏன் தடுக்கவில்லை? ஒருவன் பறித்துப் பார்க்கிறான்; வாங்குகிறவன் பொறுத்துக்கொள்கிறானா என்று மற்றவன் கவனிக்கிறான்; பொறுத்துக்கொண்டால் அவனும் பறிக்கிறான். இப்படிப்பட்ட போட்டியில் இரு தரப்புப் பங்குதாரர்களும் ஜெயிக்கிறார்கள். தோற்பது யார் என்று சொல்ல வேண்டுமா?

பேட்டரி சொன்ன உண்மை

இவற்றையெல்லாம்விடப் பெரிய சாட்சியம் இனிமேல்தான் வருகிறது. 2017 டிசம்பரில் ஆப்பிள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பேட்டரி பழசாகிப்போன ஐபோன்களின் வேகத்தை, வாங்கியவனுக்குத் தெளிவாகச் சொல்லாமலே, மென்பொருள் மூலம் அது குறைத்து வந்தது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது கம்பெனி. அந்தக் காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் போன் மந்தமானதைக் கண்ட ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? “போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான்” என்றுதானே? பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கண்டனம் கிளம்பியது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018-ம் ஆண்டு முழுவதற்கும் ஆப்பிள் குறைத்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினார்கள்! அதே 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், மென்பொருள் மாற்றங்களால் பழைய போன்களை மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. போட்டிக்காரர்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே குற்றத்துக்கு! 2020-ல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம். அதே ஆண்டில் அமெரிக்காவில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வாடிக்கையாளர்களுக்கு 50 கோடி டாலர் வரை கொடுக்க ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது.

இதைவிட முக்கியமானது 2019 ஜனவரி 2-ம் தேதி நடந்தது. அன்று ஆப்பிளின் தலைவர் டிம் குக் தமது முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வராது. 8,900 கோடி டாலருக்குக் குறையாது என்று சொல்லியிருந்தோம், 8,400 கோடிதான் வரும் என்று அறிவித்தார். முக்கிய காரணம் சீனாவில் விற்பனைச் சரிவு என்றார். அதோடு வேறு சில காரணங்களையும் அடுக்கினார். அவற்றில் ஒன்று என்ன தெரியுமா? மலிவான கட்டணத்தைப் பயன்படுத்திக்கொண்டு வாடிக்கையாளர்கள் சிலர் பழைய போனுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டார்களாம்!

வாசகர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவன் 29 டாலரில் பேட்டரி மாற்றினான். அவனுடைய போன் மறுபடியும் சுறுசுறுப்பாயிற்று. இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். அவனுக்கு இது நல்ல செய்தி. அவன் குடும்பத்துக்கு நல்ல செய்தி. பூமியிலிருந்து தோண்ட வேண்டிய கோபால்ட்டும் லித்தியமும் மிச்சம். ஆகவே உலகத்துக்கே நல்ல செய்தி. ஆனால் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் அது நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது! மறுநாள் ஆப்பிளின் பங்கு விலை சுமார் 10 சதவீதம் சரிந்தது.

இரு தரப்பின் நலனும் ஒன்றே என்ற வேதத்துக்கு அந்த வேதத்தைப் படைத்தவர்களே எழுதிய மறுப்புரை இது. போன் நீடித்து உழைத்தால் உபயோகிப்பவனுக்கு லாபம். சீக்கிரம் செத்தால் பங்குதாரனுக்கு லாபம். இந்த முரண்பாட்டை எந்தக் காமிராவும் மறைக்க முடியாது.

சரக்கு வருமுன்னே சந்தோஷம்

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2024 ஜூன் 10-ம் தேதி செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. நம் சொந்த விஷயங்களைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய சிரி வரப்போகிறது என்று படம் காட்டினார்கள். மறுநாளே பங்கு விலை 7 சதவீதம் ஏறி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. செப்டம்பரில் அதையே விளம்பரம் செய்து ஐபோன் 16 விற்றார்கள். அப்போது அந்தத் திட்டத்தின் எந்த அம்சமும் போனில் இல்லை; அக்டோபர் கடைசியிலிருந்துதான் ஒவ்வொன்றாக வந்தன. வாக்களித்த அந்தப் புதிய சிரியோ தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் கம்பெனியே அறிவித்தது.

முதலீட்டாளனுக்குப் புதுமையின் பலன் ஒரே இரவில் கிடைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் காத்துக்கொண்டிருந்தான். பங்கு மார்க்கெட்டில் விற்பனையாவது வாக்குறுதி. அது நிறைவேறுகிறதா என்பது வேறு கணக்கு.

ஊரான் வீட்டு நெய்

“என்ன இருந்தாலும் இத்தனை அற்புதங்களைக் கண்டுபிடிக்க முதலீட்டாளர்கள்தானே பணம் போட்டார்கள்? ஆபத்தை ஏற்றவனுக்கு லாபம் வேண்டாமா?” என்று சிலர் கேட்கிறார்கள்.

யார் ஆபத்தை ஏற்றார்கள்? கையிலுள்ள போனை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இணையத்தின் மூல வலையை 1969-ல் உருவாக்கியது அமெரிக்க ராணுவ இலாகாவின் பணம். வலைத்தளங்களின் முறையை 1989-ல் டிம் பெர்னர்ஸ் லீ வகுத்தது பல நாட்டு சர்க்கார்கள் நடத்தும் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில். 1993-ல் அதை அந்த நிலையம் உலகத்துக்கே இலவசமாக விட்டது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும் ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் துணைக்கோள்கள். விரலால் தொடும் திரையைப் பற்றி 1965-லேயே எழுதியவர் ஈ.ஏ. ஜான்சன்; அவர் வேலை செய்தது பிரிட்டிஷ் சர்க்காரின் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில். போன் காமிராவின் உணர்வித் தகட்டுக்கு வழி வகுத்தவர் எரிக் ஃபாசம்; 1990-களில், நாசாவின் ஆராய்ச்சிக் கூடத்தில். லித்தியம் பேட்டரிக்கு உயிர் கொடுத்த கோபால்ட் மின்வாயை 1980-ல் கண்டவர் ஜான் குட்எனஃப், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில். அவருக்கும் வேறு இருவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து, வழவழவென்று செய்து, சாதாரண மனிதனும் விரலால் இயக்கும்படி 2007-ல் ஆப்பிள் கொடுத்தது. அது உண்மையான திறமை; அந்தப் பொறியாளர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடிப்படை ஆராய்ச்சி பலிக்குமா பலிக்காதா என்று தெரியாத காலத்தில் ஆபத்தை ஏற்றது வரி கட்டும் ஜனங்களின் பணம். “ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்று பரிமாறிவிட்டு, விருந்தே என்னுடையது என்கிறார்கள்!

லாபம் போன இடம்

சரி, குவிந்த லாபமாவது புதுமைக்குப் போகிறதா? ஆப்பிளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் முடிந்த கணக்காண்டில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் அது செலவிட்டது சுமார் 3,140 கோடி டாலர். அதே ஆண்டில் தன் பங்குகளைத் தானே மார்க்கெட்டில் திரும்ப வாங்கச் செலவிட்டது சுமார் 9,500 கோடி டாலர். ஏறத்தாழ மூன்று மடங்கு!

பங்குகளைத் திரும்ப வாங்குவது என்றால் என்ன? பத்துப் பேருக்குப் பத்துத் துண்டாக வெட்டிய பலாப்பழத்தில், இரண்டு பேருக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, மீதி எட்டுப் பேருக்கு எட்டுத் துண்டாக வெட்டுவது. பழம் பெரிதாகவில்லை, துண்டு பெரிதாகிறது. புதிய திரை வருவதில்லை, புதிய பேட்டரி வருவதில்லை, ஒரு தொழிலாளிக்கும் ஒரு ரூபாய் கூடுவதில்லை. பங்கின் விலைக்கு மட்டும் முட்டுக் கொடுக்கப்படுகிறது.

2024 மே மாதத்தில் 11,000 கோடி டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கப் போவதாக ஆப்பிள் அறிவித்தது. அமெரிக்கக் கம்பெனிகளின் சரித்திரத்தில் அதுவரை இல்லாத தொகை. அதே ஆண்டு நவம்பரில், பங்கு விலை சரிந்ததும் சாம்சங் என்ன செய்தது? 10 லட்சம் கோடி வான் தொகைக்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்குவதாக அறிவித்தது. இதிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி!

சட்டம் செய்த புதுமை

ஒரு நியாயத்தை நாம் மறுக்கவில்லை. போட்டியால் விலை குறைந்த காலமும் உண்டு. 2014-ல் ஷியோமி முதலான சீனக் கம்பெனிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, சில ஆயிரம் ரூபாயில் நல்ல போன் ஏழை வீட்டுக்கும் கிடைத்தது. 2023-ல் கூகிள் தன் பிக்சல் 8 போனுக்கு ஏழாண்டு மென்பொருள் ஆதரவு என்றதும், 2024 ஜனவரியில் சாம்சங்கும் எஸ்24 போனுக்கு அவ்வாறே வாக்களித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த ஏழாண்டு வாக்குறுதி முதலில் கிடைத்தது 80,000 ரூபாய் போனுக்கு என்பதையும் மறக்கவில்லை. மலிவுப் போன் வாங்கும் ஏழைக்கு எத்தனை ஆண்டு?

உபயோகிப்பவனுக்கு உண்மையிலேயே உதவிய பல மாற்றங்கள் சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் வந்தவை. எல்லா போனுக்கும் ஒரே வகை சார்ஜர் துளை வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் கேட்டபோது, இது புதுமையையே கொன்றுவிடும் என்று ஆப்பிள் எதிர்த்தது. 2022-ல் சட்டம் நிறைவேறியது. 2024 டிசம்பர் 28 முதல் அமலுக்கு வந்தது. கொல்லப்பட்டதா புதுமை? 2023 செப்டம்பரிலேயே ஐபோன் 15 போனில் அதே துளையை வைத்து, அதையே சிறப்பம்சமாக விளம்பரமும் செய்தார்கள்!

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் இன்னொரு விதி அமலாகியிருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு கொடுக்க வேண்டும். ஏழு ஆண்டு உதிரிப் பாகங்கள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணம் 2024 மார்ச்சில் மற்றொரு சட்டம் இயற்றியது. வேறு பாகம் பொருத்தினால் போன் ஏற்க மறுக்கும்படி மென்பொருளால் பூட்டுப் போடும் வழக்கத்தை அது தடை செய்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடியது எந்தக் கம்பெனி? ஆப்பிள்தான்.

கழற்றி மாட்டும் பேட்டரி தொழில்நுட்ப ரீதியில் முடியாத காரியமா? நெதர்லாந்தின் ஃபேர்போன் என்ற சிறு கம்பெனி செய்து காட்டுகிறது. 2023-ல் வந்த அதன் ஐந்தாவது போனில் பேட்டரியைக் கையாலேயே மாற்றலாம்; திரையை ஒரு திருப்புளியால் மாற்றலாம். சிறு கம்பெனியால் முடிகிறது. லட்சம் கோடி டாலர் கம்பெனிகளால் முடியவில்லை!

நம் வாசலில் நடப்பது

இது தூரதேசத்துக் கதையல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியது. நோக்கியா 1100 என்ற போனை மறந்திருக்க மாட்டீர்கள். 2003-ல் வந்தது, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் புதுமை என்ன? மின்சாரம் போனால் எரிய ஒரு டார்ச் விளக்கு. தூசி புகாத பொத்தான்கள். பெட்டிக்கடையிலும் கிடைத்த, நகத்தால் கழற்றி மாட்டும் பேட்டரி. கிராமத்து மனிதனின் தேவையைப் பார்த்துச் செய்த புதுமை அது.

பிறகு ஸ்மார்ட்போன் போட்டியில் நோக்கியா தோற்றது. அதன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரித் தகராறினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் ஏராளமான பெண்கள், தெருவுக்கு வந்தார்கள். பங்குதாரன் ஒரு கம்பெனியை விற்று மறு கம்பெனியை நொடியில் வாங்குகிறான். தொழிலாளி அப்படி மாற முடியுமா?

இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தில், ஃபாக்ஸ்கான் கம்பெனி ஐபோன்களைக் கோத்துக் கொடுக்கிறது. 2021 டிசம்பரில் அந்த ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒப்பீட்டுப் பட்டியலில் காமிராவுக்குக் கட்டம் உண்டு, திரைக்குக் கட்டம் உண்டு. அந்தப் போனைச் செய்த பெண் என்ன சாப்பிட்டாள் என்பதற்கு ஒரு கட்டம் உண்டா?

போன் உற்பத்திக்கு ஊக்கத்தொகை என்று 2020-ல் இந்திய சர்க்கார் ஒதுக்கியது சுமார் 41,000 கோடி ரூபாய். சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும் அதில் தேர்வு பெற்றவை. வேலை வந்திருக்கிறது, ஏற்றுமதி வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பொதுப் பணத்தைக் கொடுக்கிறபோது நிபந்தனை விதிக்கும் உரிமை ஜனங்களுக்கு இல்லையா? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது எந்த நியாயம்?

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் எளிமையானவை. வாங்குகிறவனே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி வேண்டும். எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை, விலையைப் போலவே, ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சிட வேண்டும். இது மலிவுப் போனுக்கும் பொருந்த வேண்டும். உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் குறிப்புகளும் ரிச்சி தெருவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சால்டரிங் செய்கிற மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும். அவன் கையைக் கட்டும் மென்பொருள் பூட்டுகளைத் தடை செய்ய வேண்டும். 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கு இந்திய சர்க்கார் ஓர் இணையதளம் திறந்தது. நல்லது, ஆனால் இணையதளம் சட்டமாகாது. சட்டம் வேண்டும். பொதுப் பணம் பெறும் ஆலைகளில் கௌரவமான கூலியும், விடுதியில் மனிதர் உண்ணும் உணவும் நிபந்தனையாக வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட விஞ்ஞானத்துக்கு விரோதமில்லை. போனுக்கும் நாம் விரோதிகள் இல்லை. கடலுக்குப் போகும் மீனவன் காற்றையும் மழையையும் அறிவது அதில். பிள்ளை பாடம் படிப்பது அதில். காய்கறிக்காரி காசு வாங்குவது அதில். அது இன்று அரிசி பருப்பு போல அவசியப் பண்டமாகிவிட்டது. அதனால்தான் கேட்கிறோம்: அவசியப் பண்டத்தின் ஆயுளைப் பங்கு மார்க்கெட் தீர்மானிக்கலாமா?

அடுத்த முறை தம்பட்டம் முழங்கும். மறுபடியும் ஒப்பீட்டுப் பட்டியல் வரும். வாசகர்களே, அப்போது அந்தப் பட்டியலின் அடியில் நீங்களே மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இது எத்தனை ஆண்டு உழைக்கும்? கெட்டுப்போனால் நம் தெருக் கடையில் பழுது பார்க்க முடியுமா? இதைச் செய்த கைகளுக்கு என்ன கிடைத்தது?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எதுவும், எத்தனை காமிரா வைத்து வந்தாலும், பங்குதாரனுக்குத்தான் புதுமை. நமக்கு அது புது மொந்தையில் பழைய கள்!